தெரிந்த பாட்டு ஏன் தொண்டையை அடைக்கிறது? ராக் கலைஞர்களின் வாழ்க்கைப் படங்களைப் பற்றி

கூடல்நகரான் (ஞாயிறு, இரவு 10.15)

‘லவ் அண்ட் மெர்சி’ படத்தை நேற்றிரவு மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 2014இல் வந்த படம். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பிரையன் வில்சனைப் பற்றியது. 2025 ஜூனில் அவர் காலமான செய்தியைப் படித்த நாளிலிருந்தே மறுபடி பார்க்க வேண்டும் என்று நினைத்து, மனம் துணியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரே ஒரு காட்சியைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. இளம் பிரையனாக நடித்திருக்கும் பால் டேனோ பியானோ முன் உட்கார்ந்து, ‘காட் ஒன்லி நோஸ்’ பாட்டைத் தன் தந்தை மர்ரிக்குப் பாடிக் காட்டுகிறார். 1966இல் ‘பெட் சவுண்ட்ஸ்’ தொகுப்பில் வந்த பாட்டு அது. நூற்றுக்கணக்கான முறை கேட்டிருப்பேன். இசைத்தட்டில் பிரெஞ்சு ஹார்ன் ஊதிக்கொண்டு வரும், பின்னால் சலங்கைபோல மணிகள் குலுங்கும். பாடுவது பிரையன்கூட இல்லை, தம்பி கார்ல். படத்தில் இவை எதுவுமே கிடையாது. ஒரு பியானோ, இன்னும் தேறாத ஒரு குரல், அவ்வளவுதான். பாடி முடித்ததும் தந்தை முகம் சுளிக்கிறார். இது காதல் பாட்டாகவே இல்லை என்கிறார்.

அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. யோசித்துப் பார்த்தால், படம் தராத ஹார்னை என் காது தானாகப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தது. பாடுபவர் திரையில் இருக்கிறார், பக்கவாத்தியம் நான் வாசிக்கிறேன். இந்தப் பாட்டு நாளைக்கு என்னவாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் இருக்கும் அப்பாவுக்கும் மகனுக்கும் தெரியாது.

ராக் கலைஞர்களின் வாழ்க்கைப் படங்களில் முழுப் பாட்டை முழு ஒலியில் போட்டு உருக்குவதைவிட, பாட்டைக் குறையாக விட்டுவிடுவதே ஆழமாக இறங்குகிறது என்பது என் கட்சி. உங்கள் அனுபவம் என்ன?

ஒலித்தச்சன் (ஞாயிறு, இரவு 11.40)

நண்பரே, ஒலிக்கலவை வேலையில் பதினெட்டு வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் இரண்டு விஷயங்கள்.

முதலாவது குரல். நடிகரே பாடியது, மூலக் கலைஞரின் பதிவை ஓடவிட்டு நடிகர் வாயசைத்தது, மூன்றாவது ஆள் ஒருவர் பாடிக்கொடுத்தது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. ‘வாக் த லைன்’ (2005) படத்தில் பாடகர் ஜானி கேஷாக வந்த ஹாக்கீன் ஃபீனிக்ஸும் பாடகி ஜூன் கார்ட்டராக வந்த ரீஸ் விதர்ஸ்பூனும் தாங்களே பாடினார்கள். ‘பொஹீமியன் ராப்சடி’யில் (2018) குயின் குழுவின் பாடகர் பிரெட்டி மெர்க்குரியின் சொந்தப் பதிவுகளோடு மார்க் மார்ட்டெல் என்ற கனடாப் பாடகரின் குரலையும் பிரெட்டியாக நடித்த ராமி மாலெக்கின் குரலையும் கலந்தார்கள். ‘எல்விஸ்’ (2022) படத்தில் இளமைக்காலப் பாட்டுகளை ஆஸ்டின் பட்லர் பாடினார், பிற்காலத்துக்கு எல்விஸின் குரலே வந்தது.

மேல்நாட்டு விமர்சகர்கள், நடிகரே பாடினால்தான் உண்மை என்று அடித்துப் பேசுகிறார்கள். நமக்கு அந்த உறுத்தல் குறைவு. பாகவதர் காலத்தில் நடிகரே பாடினார் என்றாலும், பின்னணிப் பாடகர் வந்த பிறகு நம் காது வேறு விதமாகப் பழகிவிட்டது. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம். சௌந்தரராஜனே பாடினார். இரண்டு முகத்திலும் அந்தக் குரல் ஒட்டிக்கொண்டது. ஆகவே ‘யார் குரல்’ என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூச்சு ஒட்டுகிறதா என்றுதான் பார்ப்பேன். ஸ்டூடியோவில் மைக்கிலிருந்து நாலு விரல்கடை தள்ளி நின்று பாடிய குரலை, மேடையில் குதித்துக்கொண்டிருப்பவரின் வாயில் வைத்தால் காது உடனே கண்டுகொள்ளும். பார்வையாளரால் குறை இன்னது என்று சொல்ல முடியாது, ஆனால் மனம் ஒரு அடி விலகி நின்றுவிடும்.

இரண்டாவது, நீங்கள் சொன்ன படத்தின் பின்னணி இசை. அட்டிகஸ் ராஸ் அதைப் பீச் பாய்ஸின் பழைய பதிவுகளிலிருந்தே துண்டு துண்டாக எடுத்து இழைத்தார். பிரையனின் தலைக்குள் கேட்கும் குழப்பமெல்லாம் அவருடைய பாட்டுகளின் சிதறல்தான். சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியும் கத்தியும் தட்டில் உரசும் ஒலி ஏறி ஏறி அவரை எழுந்திருக்க வைக்கும் காட்சி நினைவிருக்கிறதா? அந்தக் காட்சியில் ஒரு சுரம்கூட இல்லை. ஆனாலும் அதை இசைக் காட்சி என்றுதான் நான் சொல்வேன். ஊருக்கே இனிமை கொடுத்த காதுக்கு ஒரு கரண்டிச் சத்தம் தாங்க முடியவில்லை.

வைகறை வாசகி (திங்கள், காலை 7.05)

கூடல்நகரான் அண்ணா, உங்கள் கருத்தோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு.

‘பொஹீமியன் ராப்சடி’யின் கடைசி இருபது நிமிடங்களைத் தியேட்டரில் பார்த்தவள் நான். 1985 ஜூலை 13, வெம்ப்ளி மைதானம், பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரி. குயின் குழு அன்று பாடிய ஆறு பாட்டுகளில் நான்கைப் படத்தில் வைத்திருந்தார்கள். எதையும் குறையாக விடவில்லை. எதிரே கடலாகக் கூட்டம், கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் உயர்ந்து தட்டுகின்றன. என் பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். அந்தப் பெரியவர் குயின் ரசிகரா, பேத்திக்குத் துணையாக வந்தவரா, தெரியாது.

நீங்கள் சொல்வது தனியறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பவரின் அழுகை. அதுவும் உண்மைதான். ஆனால் ராக் என்பது மைதானத்தில் வளர்ந்த இசை. ஒருவன் ஒரு வார்த்தையை எறிய, எழுபதாயிரம் பேர் அதைத் திருப்பி எறிவார்கள். அதில் குறை எதுவும் வைக்க முடியாது. கோயில் தேர் நிலைக்கு வரும்போது எழும் சத்தத்தைப் பாதியில் நிறுத்த முடியுமா? ஜான்சிபாரில் பிறந்து, பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்து, பரூக் பல்சாரா என்ற தன் பெயரையே பிரெட்டி மெர்க்குரி என்று மாற்றிக்கொண்ட ஒரு பையன், அத்தனை பேரின் குரலையும் ஒரு கையசைவில் எழுப்பி அடக்குகிறான். அந்தக் காட்சிக்கு முழு ஒலிதான் நியாயம்.

கூடல்நகரான் (திங்கள், மதியம் 1.30)

வாசகி, அந்தக் காட்சி என்னையும் அழவைத்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு அந்தப் படத்தின்மேல் கோபம் வருவதே அதனால்தான்.

படத்தில் பிரெட்டி தனக்கு எய்ட்ஸ் இருப்பதை லைவ் எய்டுக்கு முந்தைய ஒத்திகையில் நண்பர்களிடம் சொல்கிறார். ஆகவே மேடையில் அவர் பாடும் ஒவ்வொரு வரியும் மரணத்தை அறிந்தவனின் வரியாக நமக்குக் கேட்கிறது. ஆனால் அவருடைய துணைவர் ஜிம் ஹட்டன் எழுதியதன்படி நோய் உறுதியானது 1987இல். 1985 ஜூலையில் மேடை ஏறியவர், சொந்தக் குழுவோடு உலகம் சுற்றிவிட்டு வந்து, அன்று உற்சாகத்தின் உச்சியில் பாடிய ஒருவர். குழு பிரிந்து கிடந்து அன்றுதான் ஒன்றுசேர்ந்தது என்று படம் காட்டுவதும் நடந்ததல்ல. 1985 மே மாதம்வரை அவர்கள் சேர்ந்துதான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

வசனத்தில் இந்தப் பொய்யைச் சொன்னால் எதிர்த்துக் கேட்டிருப்போம். அவருடைய சொந்தக் குரலையே, அன்று மைதானத்தில் பதிவான அதே குரலையே எடுத்து அந்தப் பொய்க்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள். குரல் உண்மை என்பதால் கதையும் உண்மை என்று நெஞ்சு ஏற்றுக்கொள்கிறது. பாட்டின் பலத்துக்கு இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டாம். அந்தப் பலத்தை இப்படிப் பயன்படுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மகிழ்ச்சியாக இருந்த ஒரு மனிதனின் மாலையை அவனிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

வைகறை வாசகி (திங்கள், மதியம் 2.10)

கடைசி வரி குத்துகிறது. பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், அண்ணா.

தாளக்கட்டு (திங்கள், இரவு 9.20)

கல்லூரி நாட்களில் ஒரு சின்னக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். இந்த இழையில் ‘கன்ட்ரோல்’ பெயர் இன்னும் வராதது ஆச்சரியம்.

2007இல் வந்தது, முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸின் கதை. இயக்கிய ஆன்டன் கார்பைன் அடிப்படையில் புகைப்படக்காரர், 1979இல் அந்தக் குழுவையே நேரில் படமெடுத்தவர். படத்தில் நடித்த நால்வரும் மேடைக் காட்சிகளில் தாங்களே வாசித்தார்கள், சாம் ரைலி தானே பாடினார். அவர் ஏற்கெனவே லீட்ஸ் ஊரில் ஒரு குழுவில் பாடிக்கொண்டிருந்தவர்.

இது ஏன் முக்கியம் என்று வாசித்தவனாகச் சொல்கிறேன். ஜாய் டிவிஷனின் இசைத்தட்டுகள் மார்ட்டின் ஹானெட் என்ற தயாரிப்பாளரின் கைவண்ணம். ஒவ்வொரு டிரம்ஸ் அடியையும் தனியே பிரித்து, குகைக்குள் அடித்ததுபோல் குளிரவைத்திருப்பார். ஆனால் அதே குழு மேடையில் அப்படி ஒலிக்காது. வேகம் கூடும், கிட்டார் கீறும், தப்பும் வரும். படத்துக்கு இசைத்தட்டையே ஓடவிட்டிருந்தால் வியர்வையே இல்லாத கச்சேரியாகிப் போயிருக்கும். நடிகர்கள் வாசித்ததால் குச்சி தோலில் படுவது தெரிகிறது, பாடும்போது குரல் தடுக்குவது தெரிகிறது. நாலு பையன்கள் ஓர் அறையில் சத்தம் எழுப்புகிறார்கள் என்று நம்புகிறோம். நம்பிய பிறகுதான் அவர்களில் ஒருவன் போவது வலிக்கிறது.

இன்னொன்று. ஆரம்பத்தில் இயன் ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு மேக்கிள்ஸ்ஃபீல்டு தெருவில் விறைப்பாக நடந்து போகிறார். முதுகில் வெள்ளை எழுத்தில் ‘வெறுப்பு’ என்று எழுதியிருக்கிறது. பின்னால் அவர்களின் கிட்டார் இரைகிறது. எங்கேயோ கலகம் செய்யப் போகிறார் என்று நினைக்கிறோம். அவர் நேராகப் போய் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குள் நுழைகிறார். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் குமாஸ்தா அவர். பாட்டும் வாழ்க்கையும் இவ்வளவு தூரத்தில் நின்றன என்பதை ஒரே நடையில் காட்டிவிட்டார்கள்.

புதியவன்_தஞ்சை (திங்கள், இரவு 10.50)

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ராக் கேட்டு வளர்ந்தவன் இல்லை. கூடல்நகரான் ஐயா சொல்லும் ‘பக்கவாத்தியம்’ என் காதில் இல்லை. பாட்டே தெரியாதவனுக்கு இந்தப் படங்கள் ஒன்றும் செய்யாதா?

கேட்கக் காரணம் இருக்கிறது. ‘லா பாம்பா’ (1987) என்ற படத்தைச் சென்ற மாதம் தற்செயலாகப் பார்த்தேன். ரிச்சி வேலன்ஸ் என்ற பாடகர் பெயரைக்கூட அதற்கு முன் நான் கேட்டதில்லை. 1959 பிப்ரவரி 3, விமான விபத்து, அப்போது அவருக்கு 17 வயது என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். படம் முடியும்போது, அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வானொலியில் செய்தி வருகிறது. பிறகு ஒரு மெதுவான கிட்டார் இசை. அதில் வார்த்தையே இல்லை. அண்ணன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். எனக்கு ஒரு பாட்டும் தெரியாது, ஆனாலும் உடைந்துபோனேன். அந்த இசை ரிச்சியுடையதா?

ஒலித்தச்சன் (செவ்வாய், காலை 6.30)

தம்பி, நல்ல கேள்வி. அது ரிச்சியுடையது அல்ல. ‘ஸ்லீப் வாக்’ என்ற வாத்திய இசை. புரூக்ளினைச் சேர்ந்த சான்டோ, ஜானி என்ற அண்ணன் தம்பி வாசித்தது. கம்பியின்மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் அது, அதனால்தான் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அழுகை இழுப்பதுபோல் இழுக்கிறது. அமெரிக்காவில் அது முதலிடத்துக்கு வந்தது 1959 செப்டம்பரில். ரிச்சி இறந்து ஏழு மாதங்களுக்குப் பிறகு. அவன் காதில் ஒருபோதும் விழாத இசையைத்தான் அவன் சாவுக்கு வாசித்திருக்கிறார்கள்.

இங்கே கவனியுங்கள். படம் முழுக்க ரிச்சியின் பாட்டுகள் துள்ளுகின்றன. அவற்றை வாசித்துக் கொடுத்தது லாஸ் லோபோஸ் குழு, நடிகர் வாயசைத்தார். ஆனால் அவன் போன பிறகு அவன் குரலும் போய்விடுகிறது, வேறு யாருடைய கிட்டாரோ அழுகிறது. வீட்டில் ஒருவர் போய்விட்டால் ஒப்பாரி வைப்பது போனவரா? இருப்பவர்கள்தானே. அதனால்தான் பாட்டே தெரியாத உங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

கூடல்நகரான் சொன்ன கால மாற்றக் குற்றச்சாட்டு இதற்கும் பொருந்துமா என்று யாராவது கேட்கலாம். பொருந்தாது என்பேன். இங்கே ஒரு பாட்டு சில மாதங்கள் முன்னால் வந்தது, அங்கே ஒரு மனிதரின் நோய் முன்னால் நகர்த்தப்பட்டது.

தாளக்கட்டு (செவ்வாய், காலை 11.00)

உரிமை கிடைக்காமல் மூலப் பாட்டே இல்லாமல் எடுத்த படங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியைப் பற்றிய ‘ஸ்டார்டஸ்ட்’ (2020) படத்துக்குக் குடும்பத்தார் பாட்டுகளைத் தரவில்லை. ஜானி ஃப்ளின் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் இந்த மனிதனை ஏன் உலகம் கொண்டாடப் போகிறது என்பதற்கான ஆதாரம் படத்தில் எங்கேயும் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி இல்லாததுபோல் இருந்தது.

கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸைப் பற்றிய படமும் (2013) அப்படித்தான் சிக்கியது. ஆனால் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹென்ட்ரிக்ஸ் 1967 ஜூனில் லண்டன் சாவில் தியேட்டரில், அப்போதுதான் வெளியாகியிருந்த பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை எடுத்து, பீட்டில்ஸ்காரர்கள் இருவர் முன்னாலேயே வாசித்த நிகழ்ச்சியை வைத்தார்கள். அடுத்தவர் பாட்டைத் தனதாக்கிக்கொண்ட துணிச்சலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது கஸ் வான் சான்ட்டின் ‘லாஸ்ட் டேஸ்’ (2005). நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் கடைசி நாட்களை நினைவில் வைத்து எடுத்தது, பாத்திரத்தின் பெயர் பிளேக். நிர்வாணா பாட்டு ஒன்றுகூட இல்லை. நடித்த மைக்கேல் பிட்டே பாட்டுகளை எழுதிப் பாடினார். ஒரு காட்சியில் வீட்டுக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். உள்ளே அவன் கிட்டாரை எடுக்கிறான், டிரம்ஸுக்குப் போகிறான், கத்துகிறான், ஒலிமேல் ஒலியாக அடுக்குகிறான். கேமரா மெல்ல மெல்லப் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. இசை பெரிதாகப் பெரிதாக நாம் அவனிடமிருந்து தூரமாகிறோம். போய்த் தடுக்க முடியாத தூரம். நான் குச்சியைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. அன்றிரவு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒலித்தச்சன் (செவ்வாய், பகல் 12.15)

எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். நாங்கள் வேலை பழகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சி இது. உங்களை அழவைத்த காட்சியை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பாட்டு அந்தக் காட்சிக்கு என்ன கொடுத்தது, என்ன மறைத்தது என்று தெரியும். வந்து எழுதுங்கள்.

வைகறை வாசகி (செவ்வாய், இரவு 8.45)

செய்து பார்த்தேன். லைவ் எய்டு, ஒலியில்லாமல். ராமி மாலெக் ஒவ்வொரு அசைவையும் எவ்வளவு உழைத்துக் கற்றிருக்கிறார் என்று வியந்தேன். அழுகை வரவில்லை. பிறகு 1985இன் அசல் ஒளிப்பதிவை எடுத்து அதையும் ஒலியில்லாமல் பார்த்தேன். அதில் பிரெட்டி சிரித்துக்கொண்டே இருக்கிறார், அண்ணா. நீங்கள் சொன்ன மகிழ்ச்சியான மனிதரைப் பார்த்தேன். இருந்தாலும் தியேட்டரில் அந்தப் பெரியவர் துடைத்த கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூடல்நகரான் (செவ்வாய், இரவு 9.30)

பொய் என்று நானும் சொல்லமாட்டேன், வாசகி. அந்தக் கண்ணீரைப் பிரெட்டி சம்பாதித்தார், படம் எடுத்துக்கொண்டது.

நீலாம்பரி (புதன், இரவு 11.55)

இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. ‘கன்ட்ரோல்’ பற்றித் தாளக்கட்டு எழுதியதைப் படித்ததால் எழுதுகிறேன்.

என் தம்பிக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு நோய். இயன் கர்ட்டிஸுக்கும் அதுதான். படத்தில் அவர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு வரும் ஓர் இளம்பெண்ணுக்கு அவர் கண்முன்னால் வலிப்பு வருகிறது. பிறகொரு நாள் அவளைப் பற்றி விசாரிக்கத் தொலைபேசியில் கூப்பிடும்போது அவள் இறந்துவிட்டாள் என்று தெரிகிறது. அதிலிருந்து ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பிறக்கிறது. கொஞ்ச நாளில் லண்டன் கச்சேரி முடிந்து திரும்பும் காரில் அவருக்கே முதல் வலிப்பு. அடுத்தவளுக்காக எழுதிய பாட்டுக்குள் அவரே குடிபுகுந்துவிடுகிறார். 1980 மே 18, 23 வயதில் போய்விட்டார்.

இந்தப் படத்தைத் தம்பிக்குக் காட்டலாமா என்று இரண்டு வருடங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். நேற்று அவனாகவே கேட்டான். சேர்ந்து பார்த்தோம். கடைசியில் ஜாய் டிவிஷனின் ‘அட்மாஸ்பியர்’ பாட்டு ஒலிக்க, சுடுகாட்டுப் புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழும் இடம்வரை அவன் ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஒலித்தச்சன் ஐயா சொன்ன பயிற்சியைச் சொன்னேன். மேடையில் இயன் கைகளை வீசி வீசி ஆடும் காட்சிக்குத் திரும்பிப் போய், தம்பியே ஒலியை அணைத்தான். நான் இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எப்போதும் அது எனக்கு ஆட்டமாகத்தான் தெரிந்தது. ஒலி போனதும் ஆட்டம் போய்விட்டது. முழங்கையின் வெட்டு, எங்கும் நிலைக்காத கண். எங்கள் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவில் நான் பார்த்த அதே அசைவு.

தம்பி ஒலியைத் திரும்ப வைத்தான். டிரம்ஸ் வந்ததும் மறுபடியும் ஆட்டமாகிவிட்டது. மறுபடி அணைத்தான். இப்படி நாலைந்து முறை. அப்புறம் என்னிடம் கேட்டான்: “கீழே நின்று கைதட்டியவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லையா, அக்கா?”